கண்ணிக்குள் கண்ணி: ஊசிப் பின்னல் எப்படி இயங்குகிறது?

அரிசி மூட்டையின் வாய்த் தையலைப் பிரிக்கக் கத்தரிக்கோல் வேண்டாம். சரியான முனையைக் கண்டுபிடித்து இழுத்தால் போதும், ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை நூல் சரசரவென்று கழன்று கையோடு வந்துவிடும். தப்பான முனையைப் பிடித்தால் இழுக்க இழுக்க இறுகும். மணலியிலிருந்து போகும் உர மூட்டை, ரேஷன் கடை மூட்டை, மாட்டுத் தீவன மூட்டை எல்லாவற்றின் வாயிலும் அநேகமாக இதே தையல்தான். கூர்ந்து பாருங்கள், அதில் முடிச்சே கிடையாது. ஒரு வளையத்துக்குள், அதாவது ஒரு கண்ணிக்குள், அடுத்த வளையம் நுழைந்திருக்கிறது, அதற்குள் அதற்கடுத்தது. ஒவ்வொரு வளையமும் தனக்குப் பின்னால் வந்த வளையம் பிடித்துக்கொள்வதால் நிற்கிறது. கடைசி வளையத்தை விடுவித்துவிட்டால் முன்னால் உள்ளவை எல்லாம் வரிசையாக விடுபடும்.

இரண்டு ஊசிகளை வைத்துக்கொண்டு பின்னும் பின்னல் முழுவதும் இவ்வளவுதான். மூட்டை வாயில் அது ஒற்றைச் சங்கிலி. குல்லாவிலும் சாக்ஸிலும் நீங்கள் போட்டிருக்கும் பனியனிலும் அதே சங்கிலிகள் நூற்றுக்கணக்கில் அக்கம்பக்கமாக நின்று ஒன்றையொன்று பிடித்திருக்கின்றன. இந்த ஒன்று புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். பனியன் ஏன் இழுபடுகிறது, லுங்கி ஏன் இழுபடுவதில்லை, சாக்ஸுக்குக் குதிகால் எப்படி வளைகிறது என்பதற்கெல்லாம் விடை இதற்குள்ளேயே இருக்கிறது.

நான் இருக்கும் சடையங்குப்பம் மணலிக்கும் எண்ணூருக்கும் நடுவில், கொசஸ்தலை ஆற்றின் பக்கம் இருக்கும் ஊர். ஸ்வெட்டர் போடும் குளிர் இங்கே வருவதே இல்லை. ஆனாலும் என் ஊசிகளில் இப்போது மூன்று வேலைகள் ஏறியிருக்கின்றன. ஒன்று, கைக்குழந்தைக்குப் பருத்திக் குல்லா. இரண்டாவது, ஷிஃப்ட் முழுக்க சேஃப்டி ஷூ போட்டு நிற்கும் தம்பிக்கு ஒரு ஜோடி சாக்ஸ். மூன்றாவது, துளைத் துளையாக ஒரு ஷால். இந்த மூன்றும் எங்கே நிற்கின்றன என்று சொல்லிக்கொண்டே உள்ளே நடப்பதைக் காட்டுகிறேன்.

எண்ணூர்க் குப்பங்களிலும் காசிமேட்டிலும் வலையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்திருப்பவர்களை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அவர்கள் கையிலும் ஊசி, நூல், கண்ணிதான். ஆனால் வலைக்கும் பின்னலுக்கும் உள்ளே இருக்கும் கணக்கு நேர் எதிரானது. வலையில் ஒவ்வொரு கண்ணின் மூலையிலும் ஒரு முடிச்சு உண்டு. செவுள் வலையின் கண் எந்த அளவோ அந்த அளவு மீன்தான் செவுளில் மாட்டும். சின்னது நழுவிப் போகும், ரொம்பப் பெரியது தலையே நுழையாது. ஆகவே கண் ஒரு விரல்கூட அகலக்கூடாது, குறுகக்கூடாது. அதற்காகத்தான் முடிச்சு. ஒரு கண் அறுந்தாலும் பக்கத்துக் கண் அப்படியே நிற்கும். பின்னலில் முடிச்சு இல்லை, ஆகவே நூல் ஒரு கண்ணியிலிருந்து அடுத்த கண்ணிக்கு நகர முடியும். நீங்கள் அகலவாக்கில் இழுத்தால் கண்ணிகளின் உயரத்தில் இருந்த நூல் அகலத்துக்கு ஓடிவருகிறது. விட்டால் திரும்பிப் போகிறது. நூல் நீளவே இல்லை, வளைந்திருந்த பாதைதான் நிமிர்ந்தது. லுங்கி நெய்த துணி. நாடாக் கட்டிலில் நாடா மேலும் கீழுமாக நேர்கோட்டில் போவதுபோல அதில் இழைகள் போகின்றன. நேராக இருப்பதை இன்னும் நேராக்க முடியாது, அதனால் அது இழுபடாது.

சரி, முதலில் நூல். துணியைப் பிழியும்போது கவனித்திருப்பீர்கள், ஈரத் துணியை நன்றாக முறுக்கி, நடுவில் மடித்தால் இரண்டு பாதியும் தானாகவே ஒன்றின்மேல் ஒன்று சுற்றிக்கொள்ளும். நான்கு இழை நூல், எட்டு இழை நூல் என்று கடையில் கேட்டு வாங்குகிறோமே, அது இப்படித்தான் உருவாகிறது. ஒவ்வொரு இழையையும் முதலில் ஒரு பக்கமாக முறுக்குகிறார்கள். பிறகு இழைகளைச் சேர்த்து எதிர்ப்பக்கமாக முறுக்குகிறார்கள். ஒரு முறுக்கு அவிழப் பார்க்கும்போது இன்னொரு முறுக்கு இறுகுகிறது, ஆகவே நூல் அமைதியாக நிற்கிறது. இந்த ஊருக்குப் பருத்தி நூல்தான் சரி. கம்பளி இழை இயற்கையிலேயே நெளிநெளியாக இருப்பதால் அதற்குச் சுருள்வில் குணம் உண்டு. பருத்திக்கு அது இல்லை. கண்ணிகளின் வளைவு கொடுக்கும் இழுவையோடு அது திருப்திப்பட வேண்டும். ஆனால் பருத்தி நனைந்தால் பலம் கூடும், கம்பளி நனைந்தால் குறையும். வேர்த்துக்கொட்டும் காலுக்குள் நாள் முழுக்கக் கிடக்கும் சாக்ஸுக்கு இது சாதாரண விஷயம் இல்லை. தேய்மானத்துக்காக மட்டும் கொஞ்சம் நைலான் கலந்த நூலாகப் பார்த்து எடுத்திருக்கிறேன். ஊசி மூங்கில். கடற்காற்றில் எஃகு ஊசி சீக்கிரம் துருப்பிடிக்கும், துரு வெள்ளை நூலில் ஏறினால் போகாது.

அடுத்து ஊசியில் கண்ணி ஏற்றுவது. கிணற்று வாளிக்குக் கயிறு மாட்டப் போடும் உருவாஞ்சுருக்கை ஊசியில் போடுங்கள். மொத்த வேலையிலும் முடிச்சு என்று சொல்லத்தக்கது இது ஒன்றுதான். பிறகு அதன் பக்கத்தில் வேண்டிய அளவுக்கு வளையங்களை ஏற்றுங்கள். இவையெல்லாம் இடது கை ஊசியில் வரிசையாக நிற்கும். இப்போது வலது கை ஊசியால் முதல் கண்ணிக்குள் நுழையுங்கள், நூலை ஊசிமேல் ஒரு சுற்றுச் சுற்றுங்கள், அந்தச் சுற்றைக் கண்ணிக்குள்ளாக இழுத்து வெளியே கொண்டு வாருங்கள், பழைய கண்ணியை இடது ஊசியிலிருந்து தள்ளிவிடுங்கள். நுழை, சுற்று, இழு, தள்ளு. பழைய கண்ணி கீழே விழாது, ஏனென்றால் அதன் கழுத்துக்குள் புதுக் கண்ணி நுழைந்து நிற்கிறது. புதுக் கண்ணி விழாது, ஏனென்றால் அது ஊசியில் இருக்கிறது. பந்தியில் பரிமாறுகிறவர் ஓர் இலையும் விடாமல் ஒரு கோடியிலிருந்து மறுகோடி போய், திரும்பி வருவதுபோல ஊசி இந்த வரிசை முழுக்க நடக்கும். எல்லாக் கண்ணிகளும் வலது ஊசிக்குப் போனதும் ஊசிகளைக் கை மாற்றி, அடுத்த வரிசை.

நூலைக் கண்ணிக்குப் பின்னாலிருந்து முன்னால் இழுத்தால் ஒரு வகை. முன்னாலிருந்து பின்னால் இழுத்தால் இன்னொரு வகை. பின்னல் தெரிந்தவர்கள் நிட், பர்ல் என்று சொல்வார்கள், இரண்டு தனித்தனிக் கலை என்று பயந்துவிடாதீர்கள். தோசையின் அடிப்பக்கம் வழவழப்பாகச் சிவந்திருக்கும், மேல்பக்கம் கண் கண்ணாக இருக்கும், ஆனால் தோசை ஒன்றுதான். அதுபோல ஒரே கண்ணி முன்பக்கம் பார்த்தால் மீன் செதில்போலக் கூம்பி, வழவழப்பாகத் தெரியும். பின்பக்கம் பார்த்தால் சின்ன மேடு. உலகத்தில் உள்ள அத்தனை பின்னல் கோலங்களும் எந்த இடத்தில் எந்த முகத்தை வெளியே காட்டுவது என்ற தீர்மானத்திலிருந்து ஆரம்பிக்கின்றன.

முன்முகம் மட்டுமே வெளியே தெரியும்படி பின்னிக்கொண்டு போனால் துணி தட்டையாகப் படுக்காது. இரண்டு பக்க ஓரமும் பின்னால் சுருளும், மேல், கீழ் ஓரங்கள் முன்னால் சுருளும். வெயிலில் போட்ட அப்பளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மேல்பக்கம் முதலில் காய்ந்து சுருங்குகிறது, அடிப்பக்கம் இன்னும் ஈரமாக நீண்டே இருக்கிறது, ஆகவே ஓரம் தூக்கிக்கொள்கிறது. பின்னலிலும் துணியின் இரண்டு முகங்களில் நூல் வளைந்திருக்கும் விதம் சமமாக இல்லை. வளைந்த நூல் நிமிரப் பார்க்கிறது, எந்தப் பக்கம் இழுவை அதிகமோ அந்தப் பக்கம் துணி சுருளுகிறது. இதற்கு மருந்தும் இதிலேயே இருக்கிறது. ஒரு கண்ணி முன்முகம், அடுத்த கண்ணி பின்முகம் என்று மாறி மாறிப் போட்டால் மேல்கீழாக நிற்கும் ஒவ்வொரு நிரலும் எதிர்த்திசையில் சுருளப் பார்க்கும், ஒன்றையொன்று சரிக்கட்டிக்கொள்ளும். முன்முக நிரல்கள் முன்னால் வரும், பின்முக நிரல்கள் உள்ளே ஒதுங்கும். புடவைக் கொசுவம்போல மடிப்பு மடிப்பாக, இழுத்தால் விரிந்து, விட்டால் கூடிவிடும் பட்டை ஒன்று கிடைக்கும். சாக்ஸின் வாய், குல்லாவின் விளிம்பு, பனியனின் கழுத்துப் பட்டை எல்லாம் இதுதான். ரப்பர் இல்லாமலே பிடித்து நிற்கும்.

குல்லாவுக்கு வருவோம். இங்கேதான் கணக்கு. முறுக்கு சுடும்போது மாவு முழுவதையும் ஒரே மூச்சில் பிழிவதில்லை, முதலில் ஒன்றைப் பிழிந்து எண்ணெயில் போட்டுப் பதம் பார்க்கிறோம். பின்னலிலும் முதலில் கையகலத்துக்கு ஒரு சதுரம் பின்னி, துவைத்து, காயவைத்து, 10 செ.மீ. அகலத்தில் எத்தனை கண்ணி நிற்கிறது என்று எண்ண வேண்டும். துவைப்பதை விட்டுவிடாதீர்கள், பருத்தி முதல் துவைப்பில்தான் தன் உண்மையான அளவுக்கு வரும். என் சதுரத்தில் 22 கண்ணி. மூன்று மாதக் குழந்தையின் தலைச் சுற்றளவு ஏறக்குறைய 40 செ.மீ. குல்லா கவ்விப் பிடிக்க அதில் பத்தில் ஒரு பங்கு குறைவாக, 36 செ.மீ. இருந்தால் போதும். 10 செ.மீ.க்கு 22 என்றால் 36க்கு 79 சொச்சம். எட்டால் வகுபடும்படி 80 என்று வைத்துக்கொண்டேன். இதே 80 கண்ணியை 10 செ.மீ.க்கு 24 வரும்படி இறுக்கமாகப் பின்னுகிறவர் போட்டால் சுற்றளவு 33 செ.மீ.தான் வரும், அது பிறந்த குழந்தைக்கு ஆகும். கண்ணி எண்ணிக்கையை மட்டும் பார்த்து அடுத்தவர் குறிப்பை அப்படியே பின்னக்கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

குல்லாவைத் தட்டையாகப் பின்னித் தைக்கத் தேவையில்லை. இரண்டு ஊசி முனைகளையும் ஒரு வளையும் கம்பி இணைத்திருக்கும் வட்ட ஊசியில் சுற்றிச் சுற்றிப் பின்னலாம். பார்ப்பதற்கு ஒன்றின்மேல் ஒன்றாக வளையம் அடுக்கியதுபோலத் தெரியும், உண்மையில் அப்படி இல்லை. முறுக்கைப்போல ஒரே இழை சுற்றிக்கொண்டே மேலே ஏறுகிறது. வேண்டிய உயரம் வந்ததும் உச்சி. 80 கண்ணிகளையும் பத்துப் பத்தாக எட்டுப் பங்காக்கி, ஒரு சுற்று விட்டு ஒரு சுற்றில் ஒவ்வொரு பங்கிலும் இரண்டு கண்ணிகளைச் சேர்த்து ஒன்றாகப் பின்ன வேண்டும். அப்போது அந்தச் சுற்றில் எட்டு குறையும். 72, 64, 56 என்று இறங்கி ஒன்பதாவது குறைப்பில் 8 மிச்சமாகும். அந்த எட்டின் ஊடாகவும் நூலைக் கோத்து இழுத்தால் பாட்டியின் சுருக்குப் பை மூடுவதுபோல உச்சி மூடிக்கொள்ளும். என் குல்லா இப்போது 48 கண்ணியில் நிற்கிறது.

சாக்ஸ்தான் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி, ஏனென்றால் அதில் குதிகால் இருக்கிறது. நேர்க்குழாயாக இறங்கி வரும் பின்னல் திடீரென்று ஒரு பக்கம் திரும்பி, நடுவில் ஒரு குழியும் விட வேண்டும், வெட்டும் தையலும் இல்லாமல். எப்படி? கொழுக்கட்டைக்குச் சொப்பு செய்வதை நினைத்துப் பாருங்கள். மாவு உருண்டையைத் தட்டி, நடுவை விரலால் அழுத்தி அழுத்தி மெலிதாக்குகிறோம். நடுவில் பரப்பு கூடிக்கொண்டே போகிறது, ஓரத்தின் சுற்றளவு அதே அளவில் நிற்கிறது. கூடின பரப்புக்குத் தட்டையாகப் படுக்க இடமில்லை, ஆகவே குழியாக இறங்குகிறது. குதிகாலிலும் அதேதான் செய்கிறோம், நடுவில் மட்டும் துணியைக் கூட்டுகிறோம்.

சாக்ஸில் மொத்தம் 64 கண்ணி, பாதி 32 குதிகாலுக்கு. மீதி 32 ஊசியிலேயே சும்மா காத்திருக்கும். முதலில் 31 கண்ணி பின்னி, கடைசி ஒன்றை விட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். வரும் வழியில் 30 பின்னி, அந்தப் பக்கக் கடைசி ஒன்றை விட்டுத் திரும்ப வேண்டும். இப்படி ஒவ்வொரு முறையும் ஒன்று குறைத்துக்கொண்டே வந்தால் நடுவில் 10 கண்ணிக்குள் மட்டும் போய்வரும் நிலை வரும். பிறகு விட்டவற்றை ஒன்றொன்றாகத் திரும்பச் சேர்த்துக்கொண்டே அகல வேண்டும். முழு 32க்கு வந்து சேரும்போது பார்த்தால், நடுவில் உள்ள 10 கண்ணிகளின்மேல் 40க்கு மேற்பட்ட வரிசைகள் ஏறியிருக்கும், ஓரத்தில் உள்ளவற்றின்மேல் ஓரிரண்டுதான். நடுவில் அவ்வளவு துணி, ஓரத்தில் துளி. கையில் பிடித்திருக்கும்போதே அது கிண்ணமாகக் குழிந்து நிற்பதைப் பார்க்கலாம். திரும்பும் இடங்களில் ஓட்டை விழாமல் இருக்க, விட்ட கண்ணியின் கழுத்தில் நூலை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்ப வேண்டும், அதை மட்டும் மறக்கக்கூடாது. முதல் சாக்ஸ் முடிந்துவிட்டது. இரண்டாவது சரியாகக் குதிகால் ஆரம்பிக்கும் இடத்தில் இருக்கிறது. வரிசைகளைச் சுவரில் பால் கணக்குப்போலக் கோடு போட்டு எழுதி வைத்திருப்பதால் இரண்டும் ஒரே அளவில் வரும்.

ஷாலில் இருக்கும் துளைகள் நூல் விடுபட்ட இடங்கள் அல்ல, கணக்குப் போட்டு வைத்தவை. ஊசிமேல் நூலைச் சும்மா ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அடுத்த கண்ணிக்குப் போனால், அந்தச் சுற்று அடுத்த வரிசையில் ஒரு புதுக் கண்ணியாகும். அதன் கீழே பிடித்துக்கொள்ள எதுவும் இல்லாததால் அங்கே துளை விழும். ஆனால் கண்ணி ஒன்று கூடிவிட்டதே, ஷால் அகன்றுகொண்டே போகுமே? ஆகவே பக்கத்தில் இரண்டு கண்ணிகளைச் சேர்த்து ஒன்றாகப் பின்னிவிட வேண்டும். இட்லிப் பானைக்கு ஆவியில் போன தண்ணீரின் அளவுக்குத் திரும்ப ஊற்றுவதுபோல, கூடினதும் குறைந்ததும் வரிசை முடிவில் சமமாக வேண்டும். எனவே துளை வரிசை பின்னுகிறவர் ஒவ்வொரு வரிசை முடிவிலும் எண்ணுகிறார்.

எண்ணிக்கை பிசகினால் அவிழ்க்க வேண்டியிருக்கும், இந்த வேலையில் அவிழ்ப்பது சுலபம், நிறுத்துவதுதான் கஷ்டம். அதனால் சில வரிசைகளுக்கு ஒருமுறை வேறு நிறத்து மெல்லிய தையல் நூலை எல்லாக் கண்ணிகளின் ஊடாகவும் கோத்து அப்படியே விட்டுவிடுவேன். எவ்வளவு அவிழ்த்தாலும் அந்த நூல் இருக்கும் வரிசையில் வந்து நின்றுவிடும். ஒரே ஒரு கண்ணி ஊசியிலிருந்து நழுவினால் மொத்தத்தையும் அவிழ்க்கத் தேவையே இல்லை. அந்த நிரல் மட்டும் ஏணிபோல இறங்கும், குறுக்கே படிகள் தெரியும். கொக்கி ஊசி ஒன்றை விட்டு, ஒவ்வொரு படியாக வளையத்துக்குள் இழுத்துக்கொண்டே மேலே ஏறிவிடலாம்.

கொக்கி ஊசி என்றதும் குரோஷா நினைவுக்கு வரும். அதுவும் கண்ணிக்குள் கண்ணிதான், ஆனால் அங்கே எந்த நேரத்திலும் திறந்திருப்பது ஒரே கண்ணி. இரண்டு ஊசிப் பின்னலில் வரிசை முழுவதும் திறந்தே கிடக்கும். அதனால் குரோஷாவைப் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் போகலாம், எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம். பல பேர் ஆளுக்கொரு பங்கு பின்னிச் சேர்ப்பதற்கும் அதுவே தோது. 2016 ஜனவரி 31 அன்று சென்னையில் ‘மதர் இந்தியாஸ் குரோஷே க்வீன்ஸ்’ என்ற குழுவினர் தனித்தனியாகப் பின்னிய போர்வைகளை ஒன்றாக இணைத்து 11,148.5 சதுர மீட்டர் போர்வையாக்கி, கின்னஸ் சாதனை செய்தார்கள். ஏறக்குறைய இரண்டே முக்கால் ஏக்கர். கையால் பின்னியது என்பதை நினைக்கும்போது எனக்கு இன்றைக்கும் பெருமையாக இருக்கிறது.

இரண்டு ஊசிப் பின்னலின் வேலையை எந்திரம் செய்வதைப் பார்க்கத் திருப்பூர் போக வேண்டும். 1589இல் இங்கிலாந்தில் வில்லியம் லீ என்பவர் ஒவ்வொரு கண்ணிக்கும் தனியாக ஒரு கொக்கி ஊசி என்று வைத்து, சாக்ஸ் பின்னும் சட்டம் ஒன்றைச் செய்தார். திருப்பூரின் வட்டப் பின்னல் எந்திரம் அந்த யோசனையின் வாரிசு. 24 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 24 ஊசி என்றால் வட்டத்தைச் சுற்றி ஏறக்குறைய 1,800 ஊசிகள் நிற்கும். ஒவ்வோர் ஊசியின் கொக்கிக்கும் ஒரு சின்னத் தாழ்ப்பாள் உண்டு. ஊசி மேலே ஏறும்போது பழைய கண்ணி தாழ்ப்பாளைத் திறந்துகொண்டு கீழே நழுவும். கொக்கி புது நூலைக் கவ்வும். ஊசி இறங்கும்போது அதே பழைய கண்ணி தாழ்ப்பாளைத் தள்ளி மூடிவிட்டு, கொக்கிக்கு மேலாகக் கழன்று போகும். நுழை, சுற்று, இழு, தள்ளு என்று நாம் கையால் செய்த நான்கும் அதில் அப்படியே இருக்கின்றன. கையும் எந்திரமும் வேறுபடுவது வேகத்தில் மட்டும்தான், கண்ணியில் இல்லை.

கடைசியாக முடிப்பது. இரண்டு கண்ணி பின்னி, முதலாவதை இரண்டாவதின் தலைக்கு மேலாகத் தூக்கி இறக்க வேண்டும். இன்னொன்று பின்னி, மறுபடி முந்தையதைத் தூக்கி இறக்க வேண்டும். கோடி வரை போனால் ஒரே கண்ணி மிஞ்சும். நூலை வெட்டி, வால் முனையை அந்தக் கண்ணிக்குள் முழுவதும் இழுத்துவிட்டால் பூட்டிக்கொள்ளும். இந்த வரிசைக்கு மட்டும் துணியின் அகலத்தைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு நூல் வேண்டும், மிச்சம் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஷால் முடிந்து ஊசியிலிருந்து இறங்கியதும் கசங்கிய கந்தல்போலத்தான் இருக்கும். துளை எதுவும் தெரியாது. கஞ்சி போட்ட புடவையை இரண்டு பேர் இரண்டு பக்கமும் பிடித்து இழுத்து உதறிக் காயப்போடுவதுபோல, இதையும் நனைத்து, பாய்மேல் விரித்து, ஓரங்களைக் குண்டூசியால் இழுத்துக் குத்திக் காயவைத்தால்தான் கோலம் திறக்கும். ஈரத்தில் நூல் இளகிப் புது வளைவுக்கு வருகிறது, காய்ந்ததும் அந்த வளைவில் நின்றுவிடுகிறது. பாதி ஈரத்தில் குண்டூசியை எடுத்தால் துளைகள் மூடிக்கொள்ளும். ஆகவே இதை ஐப்பசிக்கு முன்னால் முடித்தாக வேண்டும். அடைமழையில் பூண்டி ஏரியைத் திறந்து கொசஸ்தலை பெருகினால் இந்தப் பக்கத்துத் தெருக்களில் தண்ணீர் ஏறும், அப்போது பாய் விரித்துப் பருத்தி காயவைக்க இடம் இருக்காது. அதனால் ஷாலை முதலில் முடிக்கிறேன், பிறகு சாக்ஸ். 48 கண்ணியில் நிற்கும் குல்லா ஒரு மாலை வேலைதான், அது காத்திருக்கலாம்.